மூன்று முறை காணாமல் போன கோகிலா

அத்தியாயம் ஆறு

எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடித்து ஜீப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றபோது மணி பத்தரை. வளர்மதி இறங்கினார். இறங்கினாரே தவிர நடக்கவில்லை. ஜீப்பின் முன்பக்க இரும்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார்.

"இன்னும் சுத்துதுங்களா மேடம்?" என்றான் அண்ணாமலை.

"நீ வாயை மூடினா நின்னுடும்."

"நான் வாயை மூடியிருந்த ஒரே வளைவு அம்பத்தி ரெண்டுங்க. அங்கதான் நீங்க வாந்தி எடுத்தீங்க."

வளர்மதி இருபத்தாறு வருஷம் போலீஸில் இருந்து, ஏட்டாக ஓய்வு வாங்கி, சேந்தமங்கலத்தில் ஒரு டீக்கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவர். மாப்பிள்ளை குடிப்பாரா, காணாமல் போன மாடு எங்கே என்கிற ரகத்தில்தான் கேஸ் வரும். அண்ணாமலை அவருக்கு டிரைவர், உதவியாளர், எதிர்க்கட்சி எல்லாம். இதே மலையில், தேவனூர் நாட்டில் மிளகுக் கொடிக்கு நடுவில் பிறந்தவன். உடம்பு முழுக்கக் களைத்தாலும் வாய் மட்டும் களைக்காது.

கேஸ் கொடுத்தவள் வாசலிலேயே காத்திருந்தாள். பெயர் கலைமணி. பத்தாம் வகுப்பு, கபடி அணித் தலைவி. முழங்காலில் காய்ந்த காயம், கண்ணில் காயாத கோபம்.

"அண்ணா, ஆறு மணிக்குப் போன் பண்ணேன். இப்ப வாரீங்க?"

"நான் ஓட்டிட்டு வந்தது ஜீப்பு புள்ள, ராக்கெட்டு இல்ல. இவங்கதான் மேடம். கும்பிடு."

கலைமணி கும்பிடவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள். "மூணு மணிக்கு ஆண்டு விழாங்க மேடம். அதுக்குள்ள ஆள் யாருன்னு தெரியலீன்னா நான் திருடிங்க. சார் எழுதிக் கொடுத்துருவாருங்க."

"என்ன திருடினேன்னு?"

"கோகிலாவைங்க."

வளர்மதிக்குத் தலைசுற்றல் சட்டென்று நின்றுபோனது.

*

தலைமையாசிரியர் பாலசுப்பிரமணியம் கீழ்நாட்டுக்காரர். மலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகியும் ஸ்வெட்டரைக் கழற்றாதவர். பழைய போலீஸ்காரம்மா என்று தெரிந்ததும் நாற்காலி போட்டு, டீ சொல்லி, மூச்சு விடாமல் ஆரம்பித்தார்.

"இந்தப் பள்ளிக்கூடம் பேப்பர்ல வந்தது ரெண்டே தடவைம்மா. கூரை பறந்தப்ப ஒண்ணு. கரடி வந்தப்ப ஒண்ணு. இப்பதான் பிள்ளைங்களால பேர் வந்திருக்கு. மாவட்டத் திறனறிப் போட்டி. எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை ஆயிரம் பிள்ளைங்க! முதல் இடம் எங்க கோகிலா. ரெண்டாம் இடம் வெளியில நிக்குதே, அது."

"அதுக்குப் பேர் இல்லையா சார்?"

"கலைமணி" என்றார், கசப்பு மருந்தை விழுங்குகிற மாதிரி. "கோகிலா படம் போட்டு, கேட்டுல பெரிசா பிளெக்ஸ் கட்டினேன். ஞாயித்துக்கிழமை சாயந்தரம் கட்டினது செவ்வாய்க்கிழமை விடியக்காலம் இல்ல. புதன்கிழமை இன்னொண்ணு அடிச்சுக் கட்டினேன். வியாழக்கிழமை இல்ல. நேத்து சாயந்தரம் கட்டுக்கம்பி போட்டு முறுக்கினேன். இன்னைக்குக் காலையில பார்த்தா கம்பியும் இல்ல, கோகிலாவும் இல்ல."

"ஓ, பிளெக்ஸ்ல இருக்கற கோகிலா."

"நிஜக் கோகிலா விடுதியிலதான் இருக்காம்மா. அவளை யாரு எடுத்துட்டுப் போறாங்க."

"கலைமணிதான்னு எப்படிச் சொல்றீங்க?"

அவர் விரலை மடக்கினார். பிளெக்ஸ் கட்டிய அன்றே வராந்தாவில் நின்று, 'இது எத்தனை நாளைக்கு நிக்குதுன்னு நானும் பாக்கறேன்' என்று அவள் சத்தமாகச் சொன்னாள். வகுப்பே கேட்டது. கபடி ஆடுகிறவள், எந்த மரமும் ஏறுவாள். இதற்கெல்லாம் மேலே, பிளெக்ஸ் போன இடத்தில் மூன்று நாளும் அறுத்த எலுமிச்சம்பழம் கிடந்தது. "செய்வினைம்மா! படிக்கிற பிள்ளை மேல!"

"அதனால?"

"இன்னைக்கு அவளுக்குப் பரிசு கிடையாது. நன்னடத்தைச் சான்றிதழும் கிடையாது."

சான்றிதழ்தான் பெரிய அடி. திங்கட்கிழமை கீழே ஒரு விடுதிப் பள்ளியில் கலைமணிக்கு நேர்காணல். பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வருஷமும் சாப்பாடு போட்டுப் படிக்க வைக்கிற இடம். சான்றிதழ் இல்லாதவர்களை அவர்கள் வாசல்படி ஏற விடமாட்டார்கள். மலையில் அவளுக்கு அதைவிட்டால் மிளகுக் கூடைதான்.

"நான் கல்நெஞ்சன் இல்லம்மா. மூணு மணி வரைக்கும் தாரேன். வேற ஆள்னு காட்டுங்க, இதே கையால 'மிக நன்று'ன்னு எழுதறேன்."

"பிளெக்ஸ் போட்டோ இருக்குங்களா?"

அவர் செல்போனை நீட்டினார். வளர்மதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். 'மாவட்டத் திறனறிப் போட்டியில் முதல் இடம் பெற்று எங்கள் பள்ளிக்குப் பெருமை சேர்த்த செல்வி மா. கோகிலா.' கீழே தலைமையாசிரியர் பெயர், பள்ளிக்கூடத்துப் பெயரைவிட ஒரு விரற்கடை பெரிசாக. நடுவில் அந்தப் பெண்ணின் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, ஓரத்தில் பூ. எழுத்தில் ஏதாவது சிக்குமா என்று இரண்டாம் தடவையும் படித்தார். ஒன்றும் சிக்கவில்லை.

"ரெண்டாம் இடம் வாங்கின பிள்ளை படம் எங்க சார்?"

"இடம் பத்தலைம்மா" என்றார் பாலசுப்பிரமணியம். டீயைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

*

ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்த அண்ணாமலையையும் கலைமணியையும் கூட்டிக்கொண்டு வளர்மதி கேட்டுக்குப் போனார். கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக இரண்டு சில்வர் ஓக் மரங்கள். பிளெக்ஸ் கட்டியிருந்தது பன்னிரண்டு அடி உயரத்தில். அதற்குக் கீழேயே சிறப்பு விருந்தினரை வரவேற்று இன்னொரு பிளெக்ஸ், இதைவிட இரண்டு மடங்கு பெரிசு. அதை யாரும் தொடவில்லை.

"மிளகு காயப் போட எவனாச்சும் எடுத்திருப்பான்னு நினைச்சனுங்க" என்றான் அண்ணாமலை. "எங்க ஊர்ல பிளெக்ஸுக்கு மவுசு ஜாஸ்தி. கூரைக்கு மேல போடலாம், கிழங்கு மூட்டையை மூடலாம், மழை வந்தா தலைவரையே தலையில போட்டுக்கிட்டு ஓடலாம்."

"அப்படி எடுக்கறவன் பெரிசை விட்டுட்டுச் சின்னதை ஏன் எடுக்கறான்?"

"அதானுங்க. இவனுக்குத் துணி வேண்டாம். மூஞ்சிதான் வேணும்."

மரத்தடியில் கயிறு கிடந்தது. கிடந்தது என்று சொல்லக்கூடாது. நாலு முழக் கயிற்றை முறுக்கில்லாமல் சுருட்டி, ஒரு குச்சியில் மாட்டி வைத்திருந்தார்கள். கட்டுக்கம்பியும் அப்படியே, நேராக நீவி வைத்திருந்தது. வளர்மதி கயிற்றின் இரண்டு முனையையும் பார்த்தார். வெட்டு இல்லை. முடிச்சு ஒவ்வொன்றாக அவிழ்க்கப்பட்டிருந்தது.

அவர் அதே கயிற்றில் ஆறு முடிச்சு போட்டு, தண்ணீர் தெளித்து இறுக்கி, கலைமணியிடம் கொடுத்தார். "இதை அவிழ் கண்ணு."

கலைமணி முதல் முடிச்சில் நகத்தை வைத்தாள். மூன்று எண்ணுவதற்குள் பல்லை வைத்தாள். அடுத்து ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து காம்பஸ் முள்ளால் குத்தினாள். கடைசியில் கயிற்றை மரத்தில் வைத்துக் கல்லால் நாலு போடு போட்டாள். கயிறு இரண்டாகப் பிய்ந்தது.

"அவுந்திருச்சுங்க மேடம்" என்று நீட்டினாள்.

"இவளா ஆறு முடிச்சை அவிழ்த்தவ?" என்றார் வளர்மதி.

"இவ எடுத்திருந்தா மரமே இருக்காதுங்க" என்றான் அண்ணாமலை.

அதற்குள் அவன் மண்ணில் குனிந்திருந்தான். மரத்துக்கு ஒரு முழம் தள்ளி, ஈர மண்ணில் கட்டைவிரலைவிட அகலமாக ஒரு குழி. வளர்மதியும் பார்த்தார். "ஏணி வெச்சிருக்கான். ஆனா இன்னொரு கால் எங்க?"

"இதுக்கு இன்னொரு கால் கிடையாதுங்க. ஒத்த மூங்கில். கணுவுல இருக்கற கிளையை ஒரு சாண் விட்டு நறுக்கிருவோம், அதுதான் படி. மிளகு பறிக்கிறவன் ஏணிங்க இது. கூலிக்குப் போறவன் தோள்லயே இருக்கும். நான் இதுல ஏறித்தான் வளர்ந்தேன். விழுந்தும் வளர்ந்தேன்."

"எலுமிச்சம்பழம்?"

அண்ணாமலை புல்லிலிருந்து காய்ந்த பழத்தை எடுத்து மோந்தான். நாலாக அறுத்து, நடுவில் குங்குமம். பக்கத்தில் கரிந்த மிளகாய்க் காம்பு. "செய்வினைன்னா இப்படி வாசல்ல போட மாட்டாங்க. இது சுத்திப் போட்டதுங்க. தனக்கு வேண்டியவங்களுக்குத்தான் சுத்துவாங்க. வேண்டாதவளுக்காக மூணு நாள் மூணு பழம் வாங்க மலையில எவனுக்கு மனசு வரும்?"

வளர்மதி கண்ணாடியைத் துடைத்தார். மிளகு பறிக்கிற ஆள். பொறுமையாக முடிச்சு அவிழ்க்கிற ஆள். கோகிலாவின் நல்லதை நினைக்கிற ஆள்.

"கோகிலாவைக் கூப்பிடு" என்றார்.

*

கோகிலா வந்தாள். மெலிந்த பெண். இரட்டைச் சடை. பேசுவதற்கு முன்னால் ஒவ்வொரு வார்த்தையையும் எடை போட்டுப் பார்க்கிற பெண். கலைமணியைப் பார்த்ததும், "நான் சார்கிட்ட சொன்னேன், நீ எடுத்திருக்க மாட்டேன்னு" என்றாள்.

"நீ மெதுவாச் சொல்லியிருப்ப. அவருக்குக் காதுல விழுந்திருக்காது" என்றாள் கலைமணி.

"கண்ணு, உன்னைப் பார்க்க இந்த வாரம் யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டார் வளர்மதி.

"அப்பாதானுங்க. திங்கக்கிழமை விடிஞ்சும் விடியாம. நான் பல்லு விளக்கிட்டு இருந்தனுங்க."

"என்ன பேசினார்?"

"ஒண்ணும் பேசலீங்க. ஓடி வந்தாருங்க. தலையில கை வெச்சாரு. அப்பறம் கையைக் கிள்ளிப் பார்த்தாருங்க."

"கிள்ளினாரா?"

"ஆமாங்க. 'ஆ'ன்னேன். 'வலிக்குதா சாமி'ன்னாரு. வலிக்குதுன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டாருங்க."

அண்ணாமலை வளர்மதியைப் பார்த்தான். வளர்மதி கேட்டார், "அப்பா என்ன வேலை?"

"மிளகு பறிக்கப் போவாருங்க. பேரு மாணிக்கம். அம்மா போன வருஷம் தவறிட்டாங்க."

"நீ முதல் இடம் வாங்கினது அவருக்குத் தெரியுமா?"

கோகிலா முகம் சிவந்தாள். "சொல்லலீங்க. வெள்ளிக்கிழமை விழாவுக்கு மட்டும் வாங்கன்னு போன வாரம் சொல்லி அனுப்பினேன். மேடையில பேர் கூப்பிடறப்ப அவரே கேக்கட்டும்னு இருந்தனுங்க."

மணி பன்னிரண்டு. வளர்மதி ஜீப்பில் ஏறிப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கேஸ் முடிஞ்சது, அண்ணாமலை. மகள் படத்தை ஊரே பாக்குது. கண்ணு பட்டுடும்னு அப்பன் கழட்டிட்டான்."

"முடிஞ்ச கேஸுக்கு எதுக்குங்க இன்னும் எட்டு வளைவு?"

*

ரோடு முடிந்த இடத்தில் ஜீப்பை விட்டு, ஒற்றையடிப் பாதையில் கால் மணி நேரம் நடந்தார்கள். மாணிக்கத்தின் வீடு மேட்டில் தனியாக இருந்தது. சுவரில் ஒற்றை மூங்கில் ஏணி சாய்ந்திருந்தது. வாசலில் இரண்டு நீளத் துண்டு விரித்து மிளகு காயப் போட்டிருந்தார்கள். பாதி பச்சை, பாதி கறுப்பு. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு மனிதர் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். விரல்கள் கறுத்திருந்தன. இவர்களைப் பார்த்ததும் எழுந்தார். ஓடவில்லை.

"பள்ளிக்கூடத்துல இருந்து வாரீங்களா?" என்றார்.

"ஆமாங்க. நீங்கதான் மாணிக்கமா?"

"ஆமாங்க அம்மிணி. பிளெக்ஸுக்குத்தான வந்தீங்க. நான்தான் எடுத்தேன். மூணையும்."

இருபத்தாறு வருஷ சர்வீஸில் வளர்மதிக்கு இப்படி ஒரு குற்றவாளி வாய்த்ததில்லை. கேட்க வைத்திருந்த பதினான்கு கேள்வியும் தொண்டையிலேயே நின்றது.

"இவர் இப்படிப் பொசுக்குனு ஒத்துக்கிட்டா நாம எதுக்குங்க வாந்தி எடுத்துட்டு வந்தோம்?" என்றான் அண்ணாமலை.

வளர்மதி சமாளித்துக்கொண்டு, "கண்ணு பட்டுடும்னு எடுத்தீங்க. அப்படித்தானே?" என்றார்.

மாணிக்கம் தலையை ஆட்டினார். ஆமாம் என்று இல்லை. இல்லை என்று.

"இல்லீங்க. உள்ள வாங்க."

வீட்டுக்குள் கண் பழகச் சிறிது நேரம் ஆனது. எதிர்ச் சுவரில் மூன்று கோகிலாக்கள் வரிசையாகச் சிரித்தார்கள். மூன்று பிளெக்ஸிலிருந்தும் முகத்தை மட்டும் கத்தரித்து ஒட்டியிருந்தார். கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லை, ஓரத்தில் எதுவும் இல்லை. ஒரே சிரிப்பு மூன்று தடவை.

"எல்லா போட்டோவுக்கும் ஒரே மாதிரி சிரிக்குது பாருங்க" என்று ஆரம்பித்த அண்ணாமலை, பக்கத்துச் சுவரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

அங்கே கத்தரிக்காத முழு பிளெக்ஸ் ஒன்று இருந்தது. ஒரு பெண்ணின் முகம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. ஓரமெல்லாம் பூ. மேலே, 'கண்ணீர் அஞ்சலி'.

"என் சம்சாரங்க" என்றார் மாணிக்கம். "போன மாசியில தவறிருச்சு. மகளிர் குழுக்காரங்க கீழ டவுன்ல அடிச்சுட்டு வந்து ரோட்டோரம் கட்டினாங்க. பதினாறு நாள் கழிச்சு நான்தான் அவுத்துட்டு வந்தேன். எனக்கு எழுத்து தெரியாதுங்க. இந்த விளக்கு தெரியும். இந்தப் பூ தெரியும். எங்க மலையில இப்படி விளக்கு வெச்சு ஒரே ஆளு படம் கட்டினா, அந்த ஆளு இல்லேன்னு அர்த்தங்க."

வளர்மதி அந்த பிளெக்ஸுக்குக் கிட்டே போனார்.

"திங்கக்கிழமை வேலைக்குப் போறப்ப பள்ளிக்கூடத்து வாசல்ல பாக்கறேன். அதே விளக்கு. அதே பூ. நடுவுல எம்மக. ஏணியைப் போட்டுட்டு ஓடினனுங்க. விடுதியில நின்னு பல்லு விளக்குது. நம்ப முடியல. கிள்ளிப் பார்த்தேன்."

வளர்மதி கண்ணாடியைக் கழற்றினார். இதே விளக்கைக் காலையில் அவரும் பார்த்தார். அண்ணாமலையிடம் மெதுவாகச் சொன்னார். "நான் ரெண்டு தடவை படிச்சேன்டா. ஒரு தடவைகூடப் பார்க்கல."

"தலைமையாசிரியர்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே" என்றார் மாணிக்கத்திடம்.

"அவரு ரூம் வாசல் வரைக்கும் வந்தனுங்க. என்னன்னு கேக்கறது? உசுரோட இருக்கற எம்மகளுக்கு இந்தப் படம் வெச்சிருக்கீங்களேன்னு என் வாயால சொல்லோணுமே. சொன்னா அது ஒரு சொல்லாகிப் பலிச்சுருமில்லீங்க. அதான் அவுத்துட்டு, சுத்திப் போட்டுட்டு வந்தேன். அவங்க மறுபடி கட்டினாங்க. நானும் மறுபடி அவுத்தேன். என்ன ஜென்மமோ, விடவே மாட்டேங்கறாங்க."

"விளக்கையெல்லாம் என்ன பண்ணீங்க?" என்றான் அண்ணாமலை.

"கத்தரிச்சு, ஊருக்கு வெளிய குழி தோண்டிப் புதைச்சுட்டேன். எழுத்து இருந்த துண்டு ரெண்டு நல்லா நீளமா இருந்துது. அதுல மிளகு போட்டிருக்கேன்."

வளர்மதி வாசலுக்கு வந்தார். மண்டியிட்டு, மிளகை ஒரு கையால் ஒதுக்கினார். கறுப்பு மணிகளுக்கு அடியிலிருந்து சிவப்பு எழுத்து வந்தது. ஒரு 'மு'. இன்னும் ஒதுக்கினார். ஒரு 'த'.

"என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார் மாணிக்கம். கேட்கவே பயந்தமாதிரி கேட்டார்.

"முதல் இடம்."

"முதல்னா... ஒண்ணாவதுங்களா?"

"ஒண்ணாவது. உங்க மகள் மாவட்டத்துக்கே ஒண்ணாவது. அதைச் சொல்லத்தான் அந்தப் படம். விளக்கு கடைக்காரன் போட்டது."

"மாவட்டம்னா, கீழ இருக்கறவங்களும் சேர்த்துங்களா?"

"கீழயும் சேர்த்துத்தான்."

"டவுன் புள்ளைங்க, கார்ல போற புள்ளைங்க எல்லாருக்கும் முன்னாலயா?"

"எல்லாருக்கும் முன்னால."

மாணிக்கம் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் மிளகை அவசர அவசரமாக வாரிக் கூடையில் போட ஆரம்பித்தார். "எழுத்து மேல காயப் போட்டுட்டனே, எழுத்து மேல காயப் போட்டுட்டனே" என்று சொல்லிக்கொண்டே வாரினார். அண்ணாமலையும் உட்கார்ந்து வாரினான்.

"இன்னொண்ணு இருக்குங்க" என்றார் வளர்மதி. "நீங்க எடுத்ததுக்கு வேறொரு பிள்ளை மாட்டியிருக்கா. கலைமணின்னு, ரெண்டாவது இடம் வாங்கினவ. மூணு மணிக்குள்ள நீங்க வந்து சொல்லலேன்னா அவளைத் திருடின்னு எழுதிடுவாங்க. அவ படிப்பு போயிடும்."

மாணிக்கத்தின் கை நின்றது.

"எம்மக மேல ஒண்ணும் வரக்கூடாதுன்னு பண்ணேன். இன்னொருத்தர் மக மேல கொண்டுபோய்ப் போட்டுட்டனா?" எழுந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "வாங்க போலாம். என்ன தண்டனையோ குடுக்கட்டும்."

*

ஜீப் மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. பந்தலில் கூட்டம் நிறைந்திருந்தது. மைக்கில் ஒருவர் ஒன்று, ரெண்டு எண்ணிக்கொண்டிருந்தார். சிறப்பு விருந்தினருக்கு இளநீர் போயிருந்தது.

தலைமையாசிரியர் அறையில் வளர்மதி பேசவில்லை. மாணிக்கத்தின் வீட்டுச் சுவரை அண்ணாமலை செல்போனில் எடுத்திருந்த படத்தை மேசையில் வைத்தார். அதற்குப் பக்கத்தில் பாலசுப்பிரமணியத்தின் செல்போனையும் வைத்தார். விளக்குக்கு விளக்கு. பூவுக்குப் பூ.

பாலசுப்பிரமணியம் இரண்டையும் பார்த்தார். ஸ்வெட்டரைக் கழற்றினார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக.

"போன்லதாம்மா ஆர்டர் கொடுத்தேன். நல்லா மரியாதையா இருக்கற மாதிரி ஒண்ணு போடுன்னேன். எழுத்துப் பிழை இருக்கான்னு மூணு தடவை பார்த்தேம்மா. மூணு தடவை."

"படத்தை ஒரு தடவை பார்த்திருக்கலாமுங்க சார்" என்றான் அண்ணாமலை. "கடைக்காரர் கணக்குல மரியாதைன்னா செத்தவங்களுக்குத்தான். உசுரோட இருக்கறவங்களுக்கு அவர்கிட்ட டிசைனே இல்ல போல. அதுசரி, இடம் பத்தலைன்னு மேடம்கிட்ட சொன்னீங்களாமே. அந்த ரெண்டு விளக்கையும் எடுத்திருந்தா கலைமணி படத்தைத் தாராளமா வெச்சிருக்கலாமே?"

பாலசுப்பிரமணியம் எழுந்து மாணிக்கத்தின் கறுத்த கையைப் பிடித்தார். "மன்னிச்சிருங்க" என்றார். மாணிக்கமும் அதையே சொன்னார். இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருந்ததில் மூன்று நிமிஷம் போனது. வளர்மதிதான் கடிகாரத்தைக் காட்டி நிறுத்தினார்.

விழா தொடங்கியது. வரவேற்பு, நடனம், ஆண்டறிக்கை. ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவர்கள், மரம் நட்டவர்கள், ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவர்கள், ஒவ்வொருவராக மேடை ஏறி இறங்கினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூலையிலிருந்து ஒரு குடும்பம் எழுந்து கத்தியது. மாணிக்கம் முன்வரிசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சாய்ந்தால் நாற்காலி அழுக்காகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

"மாவட்டத் திறனறிப் போட்டி. இரண்டாம் இடம், கலைமணி" என்றார் பாலசுப்பிரமணியம் மைக்கில்.

கலைமணி ஏறினாள். சிறப்பு விருந்தினர் கேடயம் கொடுத்தார். வாங்கினாள். போட்டோ எடுத்தார்கள். நின்றாள். இறங்குகிற படி இந்தப் பக்கம் என்று தமிழய்யா கை காட்டினார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. தலைமையாசிரியர் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"சார், சர்ட்டிபிகேட்டு."

மைக் போட்டபடியே இருந்தது. பந்தலின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"விழா முடியட்டும்மா" என்றார் அவர், மைக்கைக் கையால் பொத்தி. பொத்தியும் கேட்டது.

"மூணு மணின்னு நீங்கதானுங்க சார் சொன்னீங்க. இப்ப நாலேகால்."

கூட்டம் சிரித்தது. பாலசுப்பிரமணியம் சிறப்பு விருந்தினரைப் பார்த்தார். சிறப்பு விருந்தினர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தானே நீட்டினார். ஆபீஸிலிருந்து தாள் வந்தது. மேடையில் மேசை காலியில்லை, எல்லாம் கேடயமாக நிறைந்திருந்தது. கலைமணி திரும்பி, முதுகைக் காட்டி, கபடிக்குக் குனிகிற மாதிரி குனிந்தாள். அந்த முதுகில் தாளை வைத்துத் தலைமையாசிரியர் எழுதினார். எழுதிக்கொண்டே மைக்கில் சொன்னார், "இந்தப் பிள்ளை மேல நான் ஒரு தப்பான சந்தேகம் வெச்சேன். அது என் தப்பு." கலைமணி குனிந்தபடியே கேட்டாள். முகம் யாருக்கும் தெரியவில்லை.

தாளை வாங்கி வாய்விட்டுப் படித்தாள். "நடத்தை, மிக நன்று." பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"சார், சீல் இல்லீங்க."

சீல் ஆபீஸ் பீரோவில் இருந்தது. பீரோச் சாவி கிளர்க்கிடம். கிளர்க் கூட்டத்தில் எங்கேயோ. அண்ணாமலை எழுந்து ஓடினான். முந்நூறு பேர், கையில் முதல் பரிசுக் கேடயத்தோடு சிறப்பு விருந்தினர், படிக்கட்டில் தயாராக நிற்கிற கோகிலா, எல்லாரும் ஒரு ரப்பர் சீலுக்காகக் காத்திருந்தார்கள். சீல் வந்தது. குத்தினார். மை சரியாக விழவில்லை என்று கலைமணி இன்னொரு தடவை குத்தச் சொன்னாள்.

குத்தியதும் தாளை வாயருகே பிடித்து ஊதினாள். ஈரம் போகிற வரைக்கும் மேடையை விட்டு இறங்கவில்லை. அவள் ஊதிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசையில் ஒரு ஆள் எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்தார். 'உங்க மக பேரை இன்னும் கூப்பிடலியே' என்று பக்கத்தில் இருந்தவர் மாணிக்கத்தின் துண்டைப் பிடித்து இழுத்தார்.

"தெரியுங்க" என்றார் மாணிக்கம். "இது அந்தப் புள்ளைக்கு."